இலை மஞ்சளானதும் வெயிலில் வைக்கிறீர்களா?

மணி பிளான்ட்டின் அடி இலை மஞ்சளானால் பலரும் தொட்டியைத் தூக்கி மொட்டை மாடி வெயிலில் வைத்துவிடுகிறார்கள். நானும் வைத்திருக்கிறேன். மூன்றாம் நாள் நல்ல இலைகளிலும் வெள்ளைத் திட்டு, தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கியது.

மஞ்சளும் இந்த வெள்ளையும் ஒன்றல்ல. நிழலில் இலை பழுப்பது செடி தானே பார்த்துச் செய்யும் வேலை. வெளிச்சம் எட்டாத இலைக்கு வரவைவிடச் செலவு அதிகம். அதனால் செடி அதன் பச்சையத்தைச் சிதைத்து, கூடவே இருந்த புரதத்தின் நைட்ரஜனைக் குருத்துக்கு அனுப்பிவிடுகிறது. பச்சைக்கு அடியில் முன்பே இருந்த கரோட்டினாய்டு என்ற நிறமிதான் மஞ்சளாகத் தெரிகிறது. கடும் வெயிலில் நடப்பது வேறு. இலையால் செலவழிக்க முடியாத வெளிச்சம் பச்சையத்தைப் பொசுக்கிவிடும். மஞ்சள் நிறமியும் தப்பாது. நிழலுக்குப் பழகிய இலைக்கு இந்த அடி சீக்கிரம் விழும். செடியை ஜன்னலோரம் வைத்தால் போதும். முழுக்கப் பழுத்த இலை மறுபடி பச்சையாகும் என்று காத்திருக்காதீர்கள், கிள்ளிவிடலாம்.

பள்ளி புராஜெக்டுகளில் இன்னொரு தவறு நடக்கும். இருட்டில் இலை பழுக்கும் என்று காட்டச் செடியையே அலமாரியில் பூட்டிவிடுவார்கள். அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் இதைச் சோதித்து 2001-ல் வெளியிட்டார்கள்: ஒரே ஓர் இலையை மூடியபோது அது மளமளவென்று பழுத்தது, முழுச் செடியையும் இருட்டில் வைத்தபோது பழுப்பது தள்ளிப்போனது. மற்ற இலைகள் வெயிலில் சம்பாதித்தால்தான் ஒன்றைக் கைவிடக் கட்டுப்படியாகும் போல!

பறித்த இலையில் செய்வது சுலபம். ஆனால் ஒரு தட்டை அலமாரியிலும் இன்னொன்றை வெயிலிலும் வைத்தால் எல்லாம் குழம்பும், ஏனென்றால் சூடும் நிறத்தை மாற்றும். காசியில் வெற்றிலையைக் கூடையில் அடுக்கி, மூடிய அறையில் கரிச் சூட்டில் வைத்தே வெளுக்க வைக்கிறார்கள். அங்கே இருட்டு, சூடு இரண்டுக்கும் பங்குண்டு. அதனால் ஒரே வயதுள்ள முள்ளங்கி இலைகளை இரண்டு தட்டில் ஈரத்துணி மேல் பரப்பி, இரண்டையும் வெயில் படாத ஒரே மேஜையில் வையுங்கள். ஒன்றை மட்டும் எவர்சில்வர் பாத்திரத்தால் கவிழ்த்து மூடுங்கள். சில நாள் கழித்துத் திறந்து பாருங்கள், மூடிய தட்டுதான் முதலில் மஞ்சளாகியிருக்கும்.