சைக்கிளில் கோத்தகிரி ஏற: எதை உடுத்துவது, எதைக் கொண்டுபோவது

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோத்தகிரி 1,790 மீட்டருக்குப் பக்கம். நடுவில் சுமார் 33 கிலோமீட்டர் மலைப்பாதை. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி வெப்பம் குறையும். கீழே 28 என்றால் மேலே 19 வரை இறங்கலாம்.

ஏறும்போது வேகம் மணிக்கு 8, 10 கி.மீ.தான், காற்றே படாமல் வியர்வை கொட்டும். திரும்பும்போது அதே ஈர உடம்பில் 35 கி.மீ. வேகக் காற்று அடிக்கும். பெரும்பாலோர் ஏற்றத்தை மட்டும் யோசித்து உடுத்திக்கொண்டு போய், இறக்கத்தில் பல் கிட்டிப்போய் பிரேக் பிடிக்க விரல் மடங்காமல் தவிக்கிறார்கள்.

1. முதல் செலவு ஷார்ட்ஸுக்கு

ஜெர்சி, கண்ணாடி எல்லாம் பிறகு வாங்கலாம். பேட் வைத்த ஷார்ட்ஸைக் கையில் எடுத்ததும் பேடைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அழுத்தத்தைத் தாங்கி, விட்டதும் நிதானமாக எழும்ப வேண்டும். சப்பென்று அமுங்கினால் அது வெறும் பஞ்சு. ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. உட்காரும் எலும்புகள் படும் இடத்தில் தடிமனாகவும், தொடை உரசும் ஓரத்தில் மெலிதாகவும் இருக்க வேண்டும். நடுவில் தடித்த தையல் ஓடினால் வைத்துவிடுங்கள்.

நின்றால் கொஞ்சம் இறுக்கமாகத் தெரிகிற அளவே சரி. டிரையல் ரூமில் ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோலக் குனிந்து பாருங்கள். அப்போது இறுக்கம் தெரியக்கூடாது. தொளதொளவென்று இருந்தால் பேட் நகர்ந்து மடிந்து தொடையை அறுக்கும்.

உள்ளே ஜட்டி வேண்டாம். கூச்சப்பட்டு இதை மீறுகிறவர்கள்தான் அதிகம் புண்பட்டு வருகிறார்கள், ஜட்டியின் தையல் பேடுக்கும் தோலுக்கும் நடுவில் சிக்கி உரசுவதால். கூச்சமாக இருந்தால் மேலே ஒரு லூசான டிரவுசர் போட்டுக்கொள்ளலாம். வீடு திரும்பிய அன்றே உள்பக்கத்தை வெளியே திருப்பித் துவைத்து, நிழலில் காயவிடுங்கள். வாசனை கண்டிஷனர் கூடாது.

சீட்டுக்கு மேல் மாட்டும் ஜெல் கவர் இதற்கு மாற்றல்ல. எலும்பு அதில் புதைந்து, நடுவிலுள்ள மென்மையான பகுதிக்கு அழுத்தம் போய் மரத்துவிடும்.

2. மேலுடம்புக்கு

காட்டன் டி-ஷர்ட் மலைக்கு ஆகாது. வியர்வையைக் குடித்துக்கொண்டு காயாமல், இறக்கத்தில் ஐஸ் வைத்த மாதிரி ஒட்டிக்கொள்ளும். பாலியஸ்டர் ஜெர்சி, முழு ஜிப், முதுகில் மூன்று பை. வெயிலுக்கு டூவீலர்காரர்கள் மாட்டும், கையை மூடும் ஸ்லீவே போதும்.

ஜெர்சியின் முதுகுப் பையில் மடங்குகிற மெல்லிய காற்றுத்தடுப்பு ஜாக்கெட் ஒன்று, 100–150 கிராம். கோத்தகிரியில் இறங்கியவுடன், டீ சொல்வதற்கு முன்பே, மாட்டிவிடுங்கள். நடுக்கம் தொடங்கிய பிறகு போட்டால் பாதிப் பலன்தான். ஜாக்கெட் இல்லையா? டீக்கடையில் பழைய நாளிதழ் கேட்டு, நாலாக மடித்து நெஞ்சுக்கும் ஜெர்சிக்கும் நடுவில் செருகுங்கள். டூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தய வீரர்கள் மலையுச்சியில் காலங்காலமாகச் செய்ததுதான் இது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கோத்தகிரிப் பக்கம் நன்றாக இறங்கும். அதற்கென்று டூவீலர் போன்சோவை எடுக்காதீர்கள். காற்றில் உப்பி, வளைவில் சைக்கிளை இழுக்கும்.

3. ஹெல்மெட்

புருவத்துக்கு இரண்டு விரல் மேலே டேப்பைச் சுற்றித் தலையை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். மாட்டியதும் வாரைப் போடாமலேயே தலையை ஆட்டுங்கள். வழுகினால் அளவு பெரிது. பக்கவாட்டு வார்கள் காதுக்குக் கீழே ‘வி’ போலச் சேர வேண்டும், தாடைக்கும் வாருக்கும் இடையில் ஒரு விரல் நுழைய வேண்டும். உள்ளே இ.என். 1078 என்ற ஐரோப்பியத் தரக்குறி இருக்கிறதா பாருங்கள். பாறை ஏறும் ஹெல்மெட்டின் தரக்குறி வேறு, இ.என். 12492, அதை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். ஒருமுறை பலமாக அடிபட்டால், விரிசல் தெரியாவிட்டாலும் மாற்றுங்கள். உள்ளிருக்கும் ஃபோம் நசுங்கித்தான் தலையைக் காக்கிறது. நசுங்கியது திரும்ப எழாது.

4. கை, கால், கண்

உள்ளங்கையில் பேட் உள்ள கையுறை அவசியம். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால் அங்கே நரம்பு அழுந்துகிறது என்று பொருள்; பிடியை அடிக்கடி மாற்றுங்கள். அடிப்பகுதி கெட்டியான ஷூ போதும். லேஸ் நுனியை உள்ளே செருகிவிடுங்கள். கண்ணாடி நிறமற்றதாக இருந்தால் மரநிழலிலும் மூடுபனியிலும் உதவும். பின்னால் சிவப்பு விளக்கு பகலிலும் எரியட்டும்.

5. சீட்டுக்கு அடியில் ஒரு சின்னப் பை

முதுகில் பை மாட்டினால் வியர்வை காயாது. சைக்கிள் பையில் ஒரு ஸ்பேர் டியூப், டயரை நெம்பிக் கழற்ற இரண்டு டயர் லீவர், ஒட்டுப்போடும் செட், மல்டி டூல், ஃபிரேமில் கைப்பம்பு, 750 மி.லி. பாட்டில் இரண்டு, ஒன்றில் ஓ.ஆர்.எஸ். கலந்தது.

டியூப் வாங்கும்போது டயர் ஓரத்தில் அச்சடித்த அளவைப் பாருங்கள். வால்வும் பொருந்த வேண்டும். மெலிந்து, நுனியில் குட்டித் திருகு இருந்தால் அது பிரெஸ்டா வகை வால்வு. பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் அதில் ஏறாது. திருகி மாட்டும் பித்தளை அடாப்டர் ஒன்று வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள். வழியில் டியூப் மாற்ற நேர்ந்தால், புதியதை நுழைக்கும் முன் டயரின் உள்பக்கம் முழுக்க ஒரு துணியால் தடவுங்கள். குத்திய முள் அங்கேயே இருந்தால் இருக்கிற ஒரே ஸ்பேரும் போய்விடும்.