டிஸ்க்வேர்ல்டு: 41 நாவல்களில் எதை முதலில் எடுப்பது?

ஆங்கில எழுத்தாளர் டெர்ரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்டு என்ற நகைச்சுவை மாயக்கதை வரிசையில் 1983 முதல் 2015 வரை 41 நாவல்கள் வெளிவந்தன. வெளியான வரிசையிலேயே படித்தாக வேண்டும் என்று எண்ணி ‘தி கலர் ஆஃப் மேஜிக்’கை முதலில் எடுப்பவர்கள் அதோடு நின்றுவிடுவதுண்டு. வாளும் மந்திரமுமாக அந்நாளில் குவிந்திருந்த சாகசக் கதைகளைக் கேலி செய்யும் நூல் அது. அக்கதைகளை அறியாதவருக்குப் பாதி வேடிக்கை பிடிபடாது. ஆமையின் முதுகில் நான்கு யானைகள், அவற்றின் மேல் தட்டையான உலகம் என்ற அமைப்பு மட்டும், ஆதிகூர்மத்தையும் திசை யானைகளையும் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு விளக்கமின்றியே விளங்கிவிடும்.

இவ்வரிசை பல கிளைகளாகப் பிரிவதால், ஏதேனும் ஒரு கிளையை எடுத்துக்கொண்டு அதற்குள் மட்டும் முன்பின் பார்த்துப் படித்தால் போதும். நான் பரிந்துரைப்பது காவல்படைக் கிளை. அதன் முதல் நாவலான ‘கார்ட்ஸ்! கார்ட்ஸ்!’ (1989), ஆங்க்-மோர்போர்க் நகரின் இரவுக் காவல்படைத் தலைவர் சாம் வைம்ஸ் குடிபோதையில் சாக்கடையோரம் விழுந்து கிடப்பதோடு தொடங்குகிறது. அடுத்து வரும் ‘மென் அட் ஆர்ம்ஸ்’ (1993) நாவலில் அவருடைய மாதச் சம்பளம் 38 டாலர். நல்ல பூட்ஸின் விலையோ 50 டாலர். ஆகவே ஓரிரு பருவங்களில் ஒழுகிவிடும் 10 டாலர் பூட்ஸையே அவர் திரும்பத் திரும்ப வாங்குகிறார். பணக்காரரின் ஒரே ஜோடி பத்தாண்டுகள் உழைக்க, அதே காலத்தில் ஏழை 100 டாலர் செலவழித்தும் ஈரக் காலோடுதான் நடக்கிறார் என்று வைம்ஸ் கணக்குப் போடுகிறார். நாவலைத் தொட்டே பார்க்காதவர்களும் வறுமை பற்றிய விவாதங்களில் இந்தக் கணக்கை எடுத்தாளுகிறார்கள். இத்தொடர் நிலைத்து நிற்பதற்கு டிராகன்களைவிட இத்தகைய கோபம் கலந்த சிரிப்பே காரணம் என்பது என் கருத்து.

படிக்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலான நாவல்களில் அத்தியாயப் பிரிவே இல்லை. காட்சி மாறும் இடைவெளிகளில்தான் நிறுத்திக்கொள்ள முடியும். அடிக்குறிப்புகளைத் தாண்டிப் போகக் கூடாது, ஏனெனில் நல்ல நகைச்சுவைகள் பல அங்கேதான் இருக்கின்றன. மரணமும் இவ்வரிசையில் ஒரு கதாபாத்திரம்; அவர் பேசுவதெல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்துகளிலேயே (capitals) அச்சாகியிருக்கும்; பிங்கி என்ற வெள்ளைக் குதிரையில் வரும் அவரை நெருங்கி அறிய ‘மார்ட்’ (1987) ஏற்றது.

ஒரே ஒரு நூலுக்குத்தான் நேரமிருக்கிறது என்பவர் ‘ஸ்மால் காட்ஸ்’ (1992) படிக்கலாம். எந்தக் கிளையையும் சாராத கதை. மதத்தின் அதிகாரம் கொடிகட்டிப் பறக்கும் நாட்டில், உண்மையாக நம்புகிறவர் ஒருவரே எஞ்சியதால், கடவுள் சிறு ஆமையாகச் சுருங்கிக் கிடக்கிறார்.

பிராட்செட் 2015 மார்ச்சில் மறைந்த பிறகு வெளிவந்த ‘தி ஷெப்பர்ட்ஸ் கிரவுன்’ நாவலைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது நல்லது. அதன் நாயகியான இளம் சூனியக்காரி டிஃபனி ஏக்கிங்கின் முந்தைய நான்கு நாவல்களோடு மற்ற சூனியக்காரிகளின் கதைகளையும் முடித்தவருக்கே, அதன் தொடக்கத்தில் நேரும் இழப்பின் கனம் முழுதாகத் தெரியும்.