மாடித்தோட்ட விதைகளை வீட்டில் சேமிப்பது எப்படி? காய வைப்பது முதல் பட்டம் (விதைக்கும் பருவம்) பிரித்து அடுக்குவது வரை

விதை முளைக்கவில்லை என்றால் உடனே "பழைய விதையாக இருக்கும்" என்று சொல்லிவிடுகிறோம். வயதும் ஒரு காரணம்தான், ஆனால் நம் ஊர் வீடுகளில் விதையைக் கொல்வது பெரும்பாலும் ஈரம். இஸ்ரேலில் மசாதா கோட்டை இடிபாடுகளில் 1960களில் தோண்டி எடுத்த பேரீச்சங்கொட்டைகளில் ஒன்று, கிட்டத்தட்ட 2000 ஆண்டு பழையது, 2005இல் ஊன்றியபோது முளைத்து வந்தது. சாக்கடல் ஓரம் வெயில் கொளுத்துகிற இடம்தான் அது, ஆனால் காற்றில் ஈரம் மிகக் குறைவு. சென்னையில் சமையலறை அலமாரியில் வாய் திறந்த கவரில் கிடக்கும் வெங்காய விதையோ ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாண்டுவதே கஷ்டம். அதனால் கீழே சொல்லப்போகும் எல்லாப் படிகளிலும் ஒரே கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த இடத்தில் விதைக்குள் ஈரம் போகுமா, போகாதா?

படி 1: எந்த விதையைச் சேமிக்கலாம் என்று பாருங்கள்

பாக்கெட்டில் எஃப்1 அல்லது ஹைபிரிட் (இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கிய விதை) என்று போட்டிருந்தால் அந்தச் செடியிலிருந்து விதை எடுத்து வைக்க வேண்டாம். முளைக்கும், காய்க்கும், ஆனால் தாய்ச்செடி போலவே இருக்காது, ஒன்று உயரமாக வரும், ஒன்று குட்டையாக நிற்கும், காய் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். நாட்டு ரகம் என்றால் தைரியமாக எடுக்கலாம். இலவம்பாடி முள்கத்திரி, ராமநாதபுரம் முண்டு மிளகாய் எல்லாம் இன்றுவரை வந்து சேர்ந்ததே யாரோ ஒவ்வொரு வருஷமும் நல்ல காயாகப் பார்த்து விதைக்கு விட்டதால்தான்.

தக்காளி, அவரை, தட்டைப்பயறு இவை பெரும்பாலும் தன் பூவின் மகரந்தத்திலேயே காய் பிடிப்பவை, புதிதாக ஆரம்பிப்பவர்கள் இவற்றில் தொடங்குவது நல்லது. கத்திரி, மிளகாய், வெண்டையில் பூச்சிகள் கொஞ்சம் கலந்துவிடும், ஒரு ரகம் மட்டும் வளர்த்தால் பிரச்சினை இல்லை. சுரை, பூசணி, பாகல், பீர்க்கன் வகைகள்தான் கவனம் கேட்கும். இரண்டு ரகச் சுரை அருகருகே இருந்தால் நாளைக்கே திறக்கப்போகிற பெண்பூ மொட்டையும் ஆண்பூ மொட்டையும் நூலால் கட்டி வைத்து, திறக்கும் நேரத்தில் நாமே மகரந்தம் தடவி, பெண்பூவை மறுபடி கட்டிவிட வேண்டும். பூசணியும் பாகலும் விடியற்காலையில் பூக்கும், சுரையும் பீர்க்கனும் சாயங்காலம் பூக்கும், அந்த நேரத்துக்கு மாடிக்குப் போனால்தான் வேலை நடக்கும்.

சேமிக்கவே முடியாத விதைகளும் உண்டு. மா, பலா, கறிவேப்பிலை விதைகள் காய்ந்தால் செத்துவிடும், பழத்திலிருந்து எடுத்த கையோடு ஊன்றிவிடுங்கள். கேரட், முட்டைக்கோஸ் நம் ஊர்ச் சமவெளியில் பெரும்பாலும் விதை கட்டுவதில்லை, அவற்றைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

படி 2: சரியான நேரத்தில் எடுங்கள்

சமையலுக்குப் பறிக்கும் காயில் விதை முற்றியிருக்காது. நல்ல செடியில் நல்ல காயாக ஒன்றிரண்டைத் தேர்ந்து சிவப்பு நூல் கட்டி விட்டுவிடுங்கள், வீட்டில் வேறு யாரும் தெரியாமல் பறிக்காமல் இருக்க.

வெண்டை செடியிலேயே பழுப்பாகக் காய்ந்து விளிம்பு வெடிக்கத் தொடங்கும்போது எடுக்க வேண்டும். பீர்க்கன் எடையே இல்லாமல் லேசாகி, ஆட்டினால் கலகலவென்று சத்தம் கேட்கும், நுனியை உடைத்துக் கவிழ்த்தால் விதை தானாகக் கொட்டும். சுரையும் அப்படியே ஓடு கெட்டியாகும் வரை இருக்கட்டும். கத்திரி மஞ்சளாகிப் பழுத்து மெத்தென்று ஆன பிறகு அறுத்து, தண்ணீரில் போட்டுப் பிசைந்தால் முற்றிய விதை அடியில் தங்கும், சதையும் பொக்கும் மேலே மிதக்கும். மிளகாயை நன்றாகச் சிவக்க விட்டு நிழலில் உலர்த்தி உதிர்த்துக்கொள்ளுங்கள், கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள். கீரைக் கதிரைக் கசக்கி முறத்தில் புடைத்தால் போதும்.

தக்காளிக்கு மட்டும் ஒரு கூடுதல் வேலை. விதையைச் சுற்றி இருக்கும் வழுவழுப்பான ஜெல்லி முளைப்பைத் தடுப்பது, பழத்துக்குள்ளேயே விதை முளைத்துவிடாமல் இருக்க இயற்கை வைத்த ஏற்பாடு. விதையோடு சதையை ஒரு டம்ளரில் வழித்துப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு, மேலே துணி மூடி வையுங்கள். இரண்டு நாளில் புளித்து வெள்ளையாக ஆடை கட்டும், கோடையில் ஒரே நாளில்கூட ஆகிவிடும். உடனே வடிகட்டியில் போட்டுக் குழாய்த் தண்ணீரில் அலசிவிடுங்கள், அதற்கு மேல் விட்டால் டம்ளரிலேயே முளை விட ஆரம்பித்துவிடும்.

படி 3: காய வையுங்கள், அப்புறம் இன்னும் காய வையுங்கள்

பொறுமை தேவைப்படும் இடம் இதுதான், பலரும் அவசரப்படும் இடமும் இதுதான்.

ஈர விதையை எவர்சில்வர் தட்டிலோ பீங்கான் தட்டிலோ பரப்புங்கள், செய்தித்தாளில் போட்டால் ஒட்டிக்கொண்டு பிய்க்க வராது. முதலில் மின்விசிறிக் காற்றில் நிழலில் உலரட்டும். அப்புறம் காலை இளவெயிலிலும் மாலை வெயிலிலும் வைக்கலாம். மதியம் வேண்டவே வேண்டாம். மொட்டைமாடித் தளம் அப்போது கால் வைக்க முடியாத சூட்டில் இருக்கும், ஈரம் உள்ள விதை அந்தச் சூட்டில் வெந்துவிடும், வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும், உள்ளே உயிர் இருக்காது.

கையில் எடுத்தால் காய்ந்த மாதிரி தெரிந்தாலும் சேமிக்கிற அளவுக்குக் காய்ந்ததாக அர்த்தம் இல்லை. விதை சுற்றியுள்ள காற்றின் ஈரத்தோடு சமமாகும் வரைதான் காயும், கடலோர ஊரில் காற்றே நசநசவென்று இருக்கும்போது எத்தனை நாள் வெளியே வைத்தாலும் அதற்குக் கீழே இறங்காது. இந்தியாவின் விதைச் சான்றுத் தரப்படி தக்காளி, கத்திரி, மிளகாய் விதையின் ஈரப்பதம் 8 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, காற்றுப் புகாத டப்பாவில் அடைப்பதென்றால் 6 சதவீதம்தான். வெண்டைக்கு 10, அடைத்த டப்பாவில் 8. மூடிய டப்பாவுக்கு ஏன் இன்னும் கடுமையான அளவு என்றால், உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே சுற்றும், பூஞ்சணம் பிடிக்கும். சரியாகக் காயாத விதையை இறுக்கி மூடுவது திறந்து வைப்பதைவிட மோசம்.

அந்த அளவுக்கு இறக்க வீட்டிலேயே வழி இருக்கிறது. பச்சரிசியை வெறும் வாணலியில் மிதமான தீயில் நன்றாக வறுத்து, மூடிய பாத்திரத்தில் ஆற விடுங்கள். முழுக்க ஆறிய பிறகு ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி வரை நிரப்பி, விதையைச் சின்னக் காகிதக் கவரிலோ துணி முடிச்சிலோ போட்டு அரிசி மேல் வைத்து மூடுங்கள். ஒன்று முதல் இரண்டு வாரத்தில் அரிசி விதையின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரத்தை உறிஞ்சும் மணிகளான சிலிக்கா ஜெல் கிடைத்தால் இன்னும் வேகம், விதை எடைக்குச் சம எடை போட்டால் ஒரு வாரம் போதும். அவரை, பீன்ஸ் போன்ற பெரிய விதைகளை மட்டும் சிலிக்காவில் நெடுநாள் விடாதீர்கள், அளவுக்கு மீறிக் காய்ந்த பருப்பு ஊன்றியதும் மடமடவென்று தண்ணீர் உறிஞ்சி வெடித்துவிடும்.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? பூசணி, சுரை விதையை வளைத்தால் வளையாமல் 'டக்' என்று ஒடிய வேண்டும். அவரை விதையைப் பல்லால் கடித்தால் பல் தடம் பதியக் கூடாது.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? ஹாரிங்டன் என்ற அமெரிக்க விதை ஆய்வாளர் சொன்ன கணக்கு ஒன்று உண்டு: விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிப்பாகும், வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் சுமார் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தால் அதுவும் இரட்டிப்பாகும். ஃபாரன்ஹீட்டில் வெப்பநிலையையும் காற்றின் ஈரப்பத சதவீதத்தையும் கூட்டினால் 100க்குள் இருக்க வேண்டும் என்பது இன்னொரு கணக்கு. நம் வீட்டில் 30 டிகிரி செல்சியஸ் என்றால் 86 ஃபாரன்ஹீட், காற்றில் ஈரம் 70 சதவீதம், கூட்டினால் 156. வெளியே கூடத்தில் வைத்த விதை ஏன் சீக்கிரம் போகிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

படி 4: வண்டு வராமல் பாருங்கள்

பயறு வண்டு டப்பாவுக்கு வெளியிலிருந்து வருவது குறைவு. பெரும்பாலும் செடியில் காய் முற்றும்போதே முட்டை வைத்துவிடும், நாம் அதையும் சேர்த்துத்தான் மூடுகிறோம். அவரை, தட்டை, துவரை விதைகளை நன்றாகக் காய வைத்த பிறகு, இறுக மூடிய டப்பாவில் ஃப்ரீஸரில் நான்கைந்து நாள் வைத்து எடுத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். காயாத விதையை ஃப்ரீஸரில் வைத்தால் உள்ளிருக்கும் தண்ணீர் உறைந்து விதையும் சேர்ந்து செத்துவிடும், வரிசை முக்கியம்.

பாட்டிமார் செய்த முறைகள் இன்றும் வேலை செய்பவை. துவரைக்கும் அவரைக்கும் செம்மண் குழம்பு பூசிக் காய வைப்பார்கள், பூசணி, சுரை விதையைச் சாணத்தில் பதித்துச் சுவரில் தட்டி வைப்பார்கள், கத்திரி விதையைச் சாம்பலில் புரட்டுவார்கள். சாம்பல் விதைகளுக்கு இடையே உள்ள இடத்தை அடைத்து வண்டின் நடமாட்டத்தைத் தடுக்கும், அதன் மேல்தோலை உராய்ந்து உலர்த்திவிடும். அடுக்குமாடி வீட்டில் சாணம் தட்டச் சுவர் இல்லை என்றாலும் சலித்த விறகுச் சாம்பல் ஒரு பிடி போதும். வேப்பிலை போடுவதென்றால் மொறுமொறுவென்று காய்ந்த இலையாக மட்டும் போடுங்கள், பச்சை இலை டப்பாவுக்குள் ஈரத்தைத்தான் கொண்டுவரும்.

படி 5: அடைத்து, பெயர் எழுதுங்கள்

ரகத்துக்கு ஒரு சின்னக் காகிதக் கவர். பெட்டிக்குள் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைக் கவர்களை வெட்டி ஒட்டினாலே நிறையக் கிடைக்கும். அந்தக் கவர்களை எல்லாம் ஒரு பெரிய கண்ணாடி பாட்டிலில் அடுக்கி, ஒரு சிலிக்கா பொட்டலம் போட்டு மூடுங்கள். மூடியில் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். அஞ்சறைப் பெட்டியும் சாதாரண எவர்சில்வர் டப்பாவும் பார்க்க அழகாக இருந்தாலும் காற்றுப் புகும். மெல்லிய பிளாஸ்டிக் கவர் வழியாகவும் ஈரம் மெல்ல மெல்ல உள்ளே போகும், தனியாக அதை நம்ப வேண்டாம்.

கவர் மேல் பெயர், ரகம், விதை எடுத்த மாதமும் வருடமும், யாரிடமிருந்து வந்தது, இந்த நான்கும் கட்டாயம். பென்சிலில் எழுதுங்கள், ஈரம் பட்டாலும் கலையாது. வெறுமனே 'கத்திரி' என்று எழுதி வைத்தால் அடுத்த வருஷம் அது பச்சையா, ஊதாவா, முள்கத்திரியா என்று தெரியாமல் திண்டாட வேண்டியதுதான், எல்லாக் கத்திரி விதையும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

படி 6: பட்டம் வாரியாக அடுக்குங்கள்

அகரவரிசையில் அடுக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தேவைப்படும் நேரத்தை வைத்து அடுக்குவதுதான் சரி. ஆடிப்பட்டத்துக்கு ஒரு பாட்டில்: அவரை, சுரை, பீர்க்கன், புடலை, பாகல், கத்திரி, மிளகாய். தைப்பட்டத்துக்கு ஒன்று: தக்காளி, பூசணி, தர்பூசணி, வெள்ளரி. சித்திரைக்கு ஒன்று: கொத்தவரை, வெண்டை, தட்டை. கீரை எப்போதும் போடுவது, அதற்குத் தனியாகச் சின்ன பாட்டில். இரண்டு பட்டத்துக்கும் வரும் விதையை இரண்டு கவராகப் பிரித்துக்கொள்ளலாம். இதில் என்ன லாபம் என்றால், ஆடியில் ஒரு பாட்டிலை மட்டும்தான் திறக்கிறோம், மற்ற விதைகள் மேல் வெளிக்காற்றே படுவதில்லை. ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் ஈரக்காற்று உள்ளே போகிறது.

படி 7: எங்கே வைப்பது

ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு நல்ல இடம், கதவில் வைக்காதீர்கள், திறந்து மூடும்போது வெப்பம் ஏறி இறங்கும். வெளியே எடுத்தால் மூடியை உடனே திறக்க வேண்டாம். சில்லென்ற பாட்டிலைத் திறந்ததும் அறைக்காற்றின் ஈரம் விதை மேல் துளித்துளியாகப் படியும், இவ்வளவு நாள் காய வைத்ததும் வீண். இரவு எடுத்து வெளியே வைத்துக் காலையில் திறந்தால் சரியாக இருக்கும்.

ஃப்ரிட்ஜில் இடமில்லை என்றால் அடுப்பிலிருந்து தள்ளி, வெயில் படாத, வீட்டிலேயே குளிர்ச்சியான அலமாரியில் வையுங்கள். நன்றாகக் காய்ந்து குளிர்ச்சியில் இருந்தால் தக்காளி, கத்திரி 4 வருடம், பூசணி வகைகள் 4 முதல் 5 வருடம், அவரை 3, மிளகாயும் வெண்டையும் 2, வெங்காயம் 1 வருடம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். சாதாரண அலமாரியில் அதில் பாதி என்று கணக்குப் போட்டு, பழையதை முதலில் விதைத்துவிடுங்கள்.

படி 8: விதைக்கும் முன் சோதித்துப் பாருங்கள்

பட்டம் தொடங்க இரண்டு மூன்று வாரம் முன்பே பத்து விதையை எண்ணி ஈரத் துணியிலோ டிஷ்யூ காகிதத்திலோ பரப்பிச் சுருட்டி, ஒரு டப்பாவில் மூடி வையுங்கள். துணி ஈரமாக இருந்தால் போதும், தண்ணீர் சொட்டக் கூடாது. பயறு வகைகள் நான்கைந்து நாளில் முளைக்கும், தக்காளி ஒரு வாரம், கத்திரிக்கும் மிளகாய்க்கும் இரண்டு வாரம் வரை பொறுங்கள். ஏழு அல்லது அதற்கு மேல் முளைத்தால் வழக்கம்போல விதைக்கலாம். சான்று பெற்ற தக்காளி, கத்திரி விதைக்கே குறைந்தபட்ச முளைப்புத்திறன் 70 சதவீதம்தான், மிளகாய்க்கு 60. நான்கைந்துதான் வருகிறது என்றால் குழிக்கு இரட்டிப்பாகப் போடுங்கள். இரண்டுக்குக் கீழே போனால் அந்தக் கவரை நம்பிப் பட்டத்தைக் கழிக்க வேண்டாம், நண்பர்களிடம் கேட்டு வாங்க இன்னும் நேரம் இருக்கிறது. ஆனால் அது வேறெங்கும் கிடைக்காத ரகமாக இருந்தால் மீதி எல்லாவற்றையும் இந்தப் பட்டத்திலேயே விதைத்து, முளைக்கிற ஒன்றிரண்டு செடியிலிருந்து புது விதை எடுத்துக்கொள்ளுங்கள். சோதனைத் துணியில் முளைத்தவற்றையும் வேர் முறியாமல் எடுத்து நாற்றுத் தட்டில் நட்டுவிடலாம்.