இளம் போர் விமானி ஒருவரின் வாழ்க்கையை ஆவணங்களிலிருந்து எழுதுவது எப்படி?

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் பறந்து, இருபது வயதைத் தாண்டியும் தாண்டாமலும் மறைந்த ஒரு விமானியைப் பற்றி எழுத விரும்பினால், அவர் இறந்த நாளிலிருந்து பின்னோக்கிச் செல்லுங்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவில் அந்த நாளும், பல வேளைகளில் அவருடைய ஸ்குவாட்ரன் (விமானப்படைப் பிரிவு) எண்ணும் கிடைக்கும். உடல் கிடைக்காதவராயின், 20,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்ட, இங்கிலாந்திலுள்ள ரன்னிமீட் நினைவகத்தில் தேடிப் பாருங்கள்.

அடுத்து, லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘ஏர் 27’ வரிசையில் இருக்கும் ஸ்குவாட்ரன் நாட்குறிப்பைப் படியுங்கள்.

விமானியின் பறத்தல் பதிவேடு குடும்பத்தாரிடம் இருந்தால், அதுவே உங்கள் முதன்மை ஆதாரம். தேதி, விமான வகை, பணி, பறந்த நேரம் என ஒவ்வொரு வரியையும் அவரே எழுதியிருப்பார். அவர் திரும்பி வராத பறப்பைக் குறிக்கும் கடைசி வரி வேறொருவர் கையெழுத்தில் இருக்கிறதா என்று நிதானமாகப் பாருங்கள், என்னைப் பொறுத்தவரை அந்த ஒரு வரி பல பக்கங்களுக்குச் சமம்.

அவர் வீழ்த்தியதாகக் கோரப்பட்ட எதிரி விமானங்களின் எண்ணிக்கையை அப்படியே ஏற்காதீர்கள். 1940 செப்டம்பர் 15 அன்று 185 ஜெர்மன் விமானங்கள் வீழ்ந்ததாக பிரிட்டன் தரப்பில் அறிவிக்கப்பட்டது. உண்மையில் வீழ்ந்தவை ஏறக்குறைய 60 மட்டுமே. வானில் ஒரே விமானத்தை இருவர் சுட்டு, இருவருமே நேர்மையாகத் தமதென்று எழுதியிருக்கலாம் என்பதால், எதிர்த்தரப்பின் இழப்புப் பதிவுகளோடும் ஒப்பிட்ட பிறகே எழுதுங்கள்.