பர்கண்டியில் ஒயினோடு ஓர் இரவு விருந்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற இலையுதிர் காலத்தில், பிரான்சின் பர்கண்டி ஒயின் வட்டாரத்தில், போன் நகருக்கு அருகே ஒரு கிராமத்து விடுதியில், பக்கத்து மேசையில் அமர்ந்திருந்த இளம் தம்பதியர், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவற்றை ஏறக்குறைய அதே சொற்களில் செய்ததைக் கேட்டேன். அன்றிரவே இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. கோப்பையை எப்படிப் பிடிப்பது, எப்படிச் சுழற்றுவது என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். முதல் அரை மணி நேரத்தில் பிறரைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம்.

உண்ணாததை மேசையில் அமர்ந்த பிறகு சொல்வது

இத்தகைய சிறு விடுதிகளில் அன்றைய இரவுக்கு ஒரே ஓர் உணவு வரிசைதான் இருக்கும். சமையற்காரரும் ஒயின் பரிமாறுபவரும் முன்கூட்டியே கலந்து பேசி, எந்த உணவுக்கு எந்த ஒயின் என்று முடிவு செய்துவிடுவார்கள். உணவு மாறினால் ஒயினும் மாற வேண்டும் என்பது எனக்கு அன்று தெரியாது.

என் மனைவி மாட்டிறைச்சி உண்பதில்லை. முதல் தட்டு வந்த பிறகே அதைச் சொன்னேன். அன்றைய முதன்மை உணவு, சிவப்பு ஒயினில் மணிக்கணக்காக வெந்த மாட்டிறைச்சியான பெஃப் பூர்கின்யோன். அதற்கு இணை ஜெவ்ரே-ஷாம்பெர்தான் கிராமத்தின் பினோ நுவார் என்ற சிவப்பு ஒயின். கையிலிருந்த மீனை அவசரமாக வாட்டிக் கொடுத்தார்கள். ஒயின் மாறவில்லை. இரண்டாவது மிடறிலேயே வாயில் உலோகச் சுவையும் பழைய மீனின் வீச்சமும் எழுவதாக அவள் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டாள். சிவப்பு ஒயினில் உள்ள இரும்புச் சத்து கடலுணவோடு சேரும்போது இந்த வீச்சம் எழுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-இல் காட்டியிருக்கிறார்கள். குறை மீனிலும் இல்லை, ஒயினிலும் இல்லை. இரண்டையும் ஒரே மேசைக்கு வரவழைத்தவன் நான்.

அவள் பங்குக்கு 140 யூரோ கொடுத்தோம். பணத்தைவிட இன்றும் என்னை உறுத்துவது வேறொன்று. விருந்து முடிந்ததும் சமையற்காரரே மேசைக்கு வந்து, பதிவு செய்தபோது ஒரு வரி எழுதியிருந்தால் பிரெஸ் வட்டாரத்துக் கோழியைக் காளானும் பாலேடும் சேர்த்துச் சமைத்து, மெர்சோ வெள்ளை ஒயினோடு தந்திருப்பேனே என்று வருத்தத்தோடு சொன்னார். எழுதவேண்டியிருந்தது ஒரே ஒரு வரி.

ஆகவே பதிவு செய்யும்போதே எழுதுங்கள். மூன்று நாள் முன்பு மறுபடியும் நினைவூட்டுங்கள். "மாட்டிறைச்சி வேண்டாம்" என்பதோடு நிறுத்தாமல், எலும்புச் சாறும் பன்றிக் கொழுப்பும் கூடாதென்றால் அதையும் குறிப்பிடுங்கள். இப்பகுதியின் குழம்புகள் பலவற்றில் அவை கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும். சிவப்பு ஒயின் குழம்பில் முட்டையை உடைத்து வேகவைக்கும் "அஃப் ஆன் மெரெத்" என்ற உணவில்கூட வழக்கமாகப் பன்றி இறைச்சித் துண்டுகள் உண்டு, முன்னரே கேட்டால் அவை இல்லாமல் செய்வார்கள், பினோ நுவாரும் அதற்கு அழகாகப் பொருந்தும். முட்டையும் உண்ணாதவர்கள் ஒயினைப் பற்றியே கேட்க வேண்டும்: பர்கண்டியின் சிவப்பு ஒயின்களைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கருவைப் பயன்படுத்துவது பழைய வழக்கம்.

இனிப்பில் தொடங்குவது

வரவேற்புக்கு கிர் தருவார்கள்: அலிகோத்தே வெள்ளை ஒயினில் பிளாக்கரண்ட் பழத்தின் இனிப்பு மதுவான காஸிஸ் கலந்தது. அந்த இனிப்புக்குப் பின் வரும் ஷாப்ளி வெள்ளை ஒயின் வெறும் புளிப்பாகவே தெரியும். அதற்குப் பதிலாக நுரைக்கும் ஒயினான கிரெமான் கேளுங்கள்.

தட்டு வருமுன் கோப்பையைக் காலி செய்வது

ஒவ்வொரு கோப்பையிலும் 90 மில்லி என்று வைத்தாலும், ஐந்து கோப்பை தரும் விருந்தில் 450 மில்லி, அதாவது ஒரு புட்டியில் பாதிக்கும் மேல். தட்டு வருமுன் ஒரு மிடறு போதும். மற்றதை உணவோடு சிறிது சிறிதாக அருந்துங்கள். மீதம் வைப்பது அவமரியாதை ஆகாது.

எப்வாஸ் பாலாடைக்கட்டிக்குச் சிவப்பு ஒயின்

மார்க் என்ற வடிமதுவால் கழுவிப் பதப்படுத்தும் இந்தக் கட்டியின் நெடி கடுமையானது. அதன் முன் மென்மையான பினோ நுவார் கசந்து ஒடுங்கிவிடும். மீனுக்கு வந்த வெள்ளை ஒயினில் பாதியை ஒதுக்கி வைத்திருங்கள். சிவப்பைத்தான் அருந்த வேண்டும் என்று அங்கேயே பலர் சொல்வார்கள், நான் உடன்படவில்லை.

வாசனைத் திரவியம்

பூச வேண்டாம்.

காரில் திரும்புவது

பிரான்சில் வாகனம் ஓட்டுவோருக்கு இரத்தத்தில் அனுமதிக்கப்படும் ஆல்கஹால் அளவு லிட்டருக்கு 0.5 கிராமுக்குக் கீழ். புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கு 0.2-க்கும் கீழ். ஐந்து கோப்பை விருந்துக்குப் பின் எவரும் அந்த எல்லைக்குள் இருப்பதாக எண்ணிக்கொள்ளக் கூடாது. விருந்தைப் பதிவு செய்யும்போதே அறையையும் பதிவு செய்யுங்கள். நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் அந்தத் திராட்சைத் தோட்டக் கிராமங்களில் டாக்சி கிடைப்பது அரிது.