வாடகை ஒப்பந்தத்துக்கு முன் பள்ளி எல்லையைப் பாருங்கள்

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி, மண்டபம் என நம் ராமநாதபுரக் கரையோர ஊர்களிலிருந்து கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்குக் குடும்பத்தோடு செல்பவர்கள், வீடு, வேலை, குளிருக்கான உடுப்பு ஆகியவற்றைப் பற்றி வேண்டிய மட்டும் விசாரித்துக்கொள்கிறார்கள். பிள்ளை எந்தப் பள்ளியில் சேரும் என்பதை மட்டும் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். நம் ஊரில் கட்டணமும் வேன் வசதியும் ஒத்துவந்தால் உச்சிப்புளியிலிருந்து ராமநாதபுரம் நகரத்துப் பள்ளிக்கே பிள்ளையை அனுப்பிவிடலாம். ஒன்டாரியோவின் அரசுப் பள்ளிகளில் பொதுவாகக் குடியிருக்கும் முகவரிதான் பள்ளியைத் தீர்மானிக்கிறது. அந்தந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் கல்வி வாரியம் தெருத்தெருவாகக் கோடு போட்டு வைத்திருக்கும். அந்தக் கோடு தெருவின் நடுவாக ஓடினால், ஒற்றைப்படை எண் வீட்டுப் பிள்ளைகள் ஒரு பள்ளிக்கும் எதிர்ச்சாரிப் பிள்ளைகள் இன்னொரு பள்ளிக்கும் போவார்கள். ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே வாரியத்தின் இணையதளத்தில் வீட்டு எண்ணையும் தெருப் பெயரையும் இட்டுப் பாருங்கள். பள்ளி பக்கத்திலேயே இருக்கிறது என்று வீட்டுக்காரர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அது உங்கள் பிள்ளைக்குரிய பள்ளியா என்பது வேறு கேள்வி.

அங்கே அரசுப் பணத்தில் நடப்பவை நான்கு வகை வாரியங்கள்: ஆங்கிலப் பொது, ஆங்கிலக் கத்தோலிக்க, பிரெஞ்சுப் பொது, பிரெஞ்சுக் கத்தோலிக்க வாரியங்கள். தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் தங்கள் பங்கு ஆலயத்திலிருந்து ஞானஸ்நானச் சான்றிதழைக் கையோடு கொண்டுபோவது நல்லது. கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளிகளில் சேர்க்கைக்கு அதைக் கேட்பார்கள். பிரெஞ்சு வாரியப் பள்ளிகள் முதன்மையாகப் பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டவர்களின் அரசியலமைப்பு உரிமைக்காக உள்ளவை. நம்மவர்கள் தொலைபேசியில் 'பிரெஞ்சுப் பள்ளி' என்று பேசிக்கொள்வது பெரும்பாலும் அவற்றையல்ல, ஆங்கில வாரியத்துக்குள்ளேயே, பாடங்களைப் பிரெஞ்சில் நடத்தும் பிரெஞ்சு இம்மெர்ஷன் பிரிவைத்தான்.

1965-இல் கியூபெக்கின் செயின்ட் லாம்பர்ட் நகரத்தில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர் பள்ளி நிர்வாகத்தை விடாமல் வற்புறுத்தியதால் தொடங்கிய முறை இது. ஒன்டாரியோவில் ஒவ்வொரு வகுப்பிலும் குறைந்தது பாதிப் பாடநேரம் பிரெஞ்சில் நடக்க வேண்டும் என்றும், எட்டாம் வகுப்பு முடிவதற்குள் 3,800 மணி நேரம் பிரெஞ்சில் கற்றிருக்க வேண்டும் என்றும் விதி உண்டு. சேரும் வயதில்தான் நம்மவர்கள் கோட்டைவிடுகிறார்கள். டொராண்டோ பொது வாரியத்தில் இது ஐந்து வயது மழலையர் வகுப்பிலும், அதையொட்டிய பீல், யார்க் பகுதி வாரியங்களில் முதல் வகுப்பிலும் தொடங்குகிறது. விண்ணப்பமோ பள்ளி திறப்பதற்குப் பல மாதங்கள் முன்பே முடிந்துவிடுகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையோடு போய் இறங்குபவருக்கு இந்தக் கதவு பெரும்பாலும் மூடியே இருக்கும். நான்காம் வகுப்பிலோ அதற்குப் பிறகோ சேர்க்கும் வழி சில வாரியங்களில் மட்டுமே உண்டு. இடம் கிடைக்காததால் பிள்ளைக்குப் பிரெஞ்சே இல்லாமல் போகாது. நான்கிலிருந்து எட்டாம் வகுப்பு வரை எல்லாருக்கும் அது கட்டாயப் பாடம். ஊரிலிருந்து மாமியார் 'எல்லாரும் சேர்த்திருக்கிறார்களாமே' என்று கேட்பதற்காக, இங்கே இங்கிலீஷ் மீடியத்துக்கு அலைந்ததைப் போல அங்கேயும் அலைய வேண்டியதில்லை என்பது என் கருத்து. அதே சமயம், ஆங்கிலமே தட்டுத்தடுமாறும் பிள்ளைக்குப் பிரெஞ்சு எதற்கு என்று யாராவது தடுத்தால் அதையும் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். வீட்டில் ஒரு மொழியும் வெளியில் இன்னொரு மொழியுமாக வளர்ந்த பிள்ளைக்கு மூன்றாவது மொழி மலையல்ல.

எல்லைத் தகராறும் இம்மெர்ஷன் தகராறும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன. ஒரே கட்டடத்தில் ஆங்கிலப் பிரிவும் பிரெஞ்சுப் பிரிவும் நடக்கும்போது, பிரெஞ்சுப் பிரிவுக்குக் கூட்டம் சேரச் சேர ஆங்கிலப் பிரிவு மெலிகிறது. மைதானத்தில் போர்ட்டபிள் எனப்படும் தற்காலிக வகுப்பறைகள் முளைக்கின்றன. முடிவில் ஏதாவது ஒரு பிரிவை வேறு பள்ளிக்கு மாற்றலாம் என்று வாரியம் திட்டம் போடுகிறது. அடுத்த வாரமே பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் மடக்கு நாற்காலிகள் போட்டுக் கூட்டம் நடக்கும். ஒலிவாங்கியின் முன்னால் பெற்றோர் வரிசையில் நின்று, ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம் பேசுவார்கள். இந்தப் பள்ளிக்காகவே கடன் வாங்கி வீடு வாங்கினோம் என்பார்கள் ஒரு சாரார். எங்கள் பிள்ளை நடந்துபோகும் பள்ளியைப் பிரெஞ்சுக்கென்று ஒதுக்கிவிட்டு எங்களைப் பேருந்தில் ஏற்றுவதா என்பார்கள் மறு சாரார். புதிதாக வந்த பிள்ளைகளும், தனிக்கவனம் தேவைப்படும் பிள்ளைகளும் ஆங்கில வகுப்பிலேயே குவிந்துவிடுகிறார்கள் என்ற பழைய முறையீடும் அப்போது எழும். அதில் நியாயம் இருப்பதாகவே நான் நினைக்கிறேன். இடங்களுக்கு வரம்பு வைத்துக் குலுக்கல் நடத்துவது ஒரு தீர்வாகச் சொல்லப்படுகிறது. பீல் வாரியம் முதல் வகுப்பு மாணவர்களில் 25 சதவீதம் என்று வரம்பு வைத்ததுண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்துக்குத் தனியார் பள்ளி வாசலில் குலுக்கலைப் பார்த்து நின்ற நம் ஊர்ப் பெற்றோருக்கு அந்தப் படபடப்பை விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கூட்டங்களில் நம்மவர்கள் வாய் திறப்பது குறைவு. வந்த இடத்தில் எதற்கு வம்பு என்ற எண்ணமும், குடியுரிமை இல்லாதவருக்கு என்ன உரிமை என்ற தயக்கமும் காரணம். வாரிய உறுப்பினர்களான டிரஸ்டிகளைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு கனடியக் குடிமக்களுக்கு மட்டுமே என்பது உண்மைதான். ஆனால் கூட்டத்தில் பேசுவதற்கும் கருத்துப் படிவத்தை நிரப்புவதற்கும் குடியுரிமை தேவையில்லை. 2025 ஜூன் மாதத்தில் மாகாண அரசு டொராண்டோ, ஓட்டாவா-கார்ல்டன் வாரியங்கள் உள்ளிட்ட நான்கு வாரியங்களைத் தானே நியமித்த மேற்பார்வையாளர்களின் பொறுப்பில் கொண்டுவந்தது. அத்தகைய வாரியங்களில் டிரஸ்டிக்கு மட்டும் எழுதிப் பயனில்லை. கடிதம் மேற்பார்வையாளருக்கும் போக வேண்டும். வரைபடம் வரைவாக இருக்கும்போதே பேச வேண்டும். இறுதி அறிக்கை வந்தபின் மாற்றுவது அரிது. கோபத்தைவிடக் குறிப்பான செய்திகளுக்கே அங்கே மதிப்பு அதிகம். என் ஆறு வயது மகள் எந்தப் பெரிய சாலையைக் கடக்க வேண்டும், பனி கொட்டும் மாதங்களில் அந்த நடைபாதை எப்படியிருக்கும், அதிகாலை வேலைக்குப் போகும் தாய் இரண்டு பள்ளிகளில் இரண்டு பிள்ளைகளை எப்படி விடுவாள் என்று எழுதுங்கள்.

முதல் சில மாதங்கள் உறவினர் வீட்டு நிலவறைக் குடியிருப்பில் தங்குபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். வாடகை ஒப்பந்தம் உங்கள் பெயரில் இல்லையென்றால், நீங்கள் அங்கே வசிப்பதை உறுதிசெய்யும் கடிதத்தை வீட்டுக்காரரிடம் பள்ளி கேட்கும். விரும்பிய பள்ளிக்காக வசிக்காத முகவரியைக் கொடுக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தெரியவந்தால் பிள்ளையை நடு ஆண்டில் மாற்றிவிடுவார்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, டி.சி., மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றை இங்கிருந்தே வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.

எல்லை மாறும் என்று கடிதம் வந்தால், ஏற்கெனவே படிக்கும் பிள்ளை அதே பள்ளியில் கடைசி வகுப்புவரை தொடரலாமா, அடுத்த ஆண்டு சேரவிருக்கும் தம்பிக்கோ தங்கைக்கோ அந்தச் சலுகை உண்டா, தொடரும் பிள்ளைக்குப் பள்ளிப் பேருந்து கிடைக்குமா என்ற மூன்றையும் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்திலேயே வாங்குங்கள். மூத்தவனுக்கு இடம் கொடுத்துவிட்டுப் பேருந்தை நிறுத்துவதும் நடக்கக்கூடியதே. வீட்டில் கார் இல்லாத முதல் குளிர்காலத்தில் அந்த இடத்தால் பயனில்லை.