பிரேயஸில் ஷோர் லீவ் கிடைத்தால்: ஏஇகே கால்பந்து கிளப்பின் வரலாற்றை அரை நாளில் பார்ப்பது எப்படி

கப்பல் ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் கட்டியதும் நம் ஆட்களில் பாதிப் பேர் அக்ரோபொலிஸுக்குக் கிளம்புவார்கள். கால்பந்து பிடிக்குமென்றால், ஏதென்ஸ் கிளப்பான ஏஇகேயைத் தேடி நான் போன வழியில் ஒருமுறை போய்ப் பாருங்கள். எஞ்சின் ரூம் வாட்ச் முடிந்து, ஷோர் பாஸ் கையில் இருந்தால் ஒரு மதியம் போதும்.

கோப்பைக் கணக்கிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். துறைமுகத்திலிருந்தே ஆரம்பியுங்கள். 1922 செப்டம்பரில் ஸ்மிர்னா நகரம் (இன்றைய இஸ்மிர்) எரிந்தபோது, இன்று துருக்கியாக உள்ள ஆசியா மைனரிலிருந்து தப்பிய கிரேக்கர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய இடங்களில் பிரேயஸும் ஒன்று. அடுத்த ஆண்டு கிரீஸும் துருக்கியும் மக்களை மாற்றிக்கொள்ளும் லோசான் ஒப்பந்தம் வந்தது. ஏறக்குறைய 12 லட்சம் கிறிஸ்தவர்கள் கிரீஸுக்கு வர நேர்ந்தது. கிரீஸிலிருந்த முஸ்லிம்களில் சுமார் 4 லட்சம் பேர் துருக்கிக்குப் போக வேண்டியதாயிற்று. இரண்டு பக்கமும் வீடு பறிபோனது என்பதை மனதில் வைத்துக்கொண்டு ரயில் ஏறுங்கள். கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) கிரேக்கர்களுக்கு அந்த ஒப்பந்தத்தில் விலக்கு இருந்தது. ஆனாலும் பயந்துபோய் பலர் கிளம்பிவிட்டார்கள். ஏஇகேயைத் தொடங்கியவர்கள் அவர்கள்தான்.

பிரேயஸிலிருந்து பச்சை லைன், கிஃபிசியா போகும் ரயில். ஒரு எச்சரிக்கை: பிரேயஸ், ஏஇகேயின் எதிரிக் கிளப்பான ஒலிம்பியாகோஸின் கோட்டை. அடுத்த ஸ்டேஷனான ஃபாலிரோவிலேயே அவர்கள் மைதானம் இருக்கிறது. ஏஇகேயின் மஞ்சள் கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு துறைமுகத்தில் நடக்க வேண்டாம். பைக்குள் இருக்கட்டும்.

ஓமோனியாவில் இறங்கி வெரன்செரு தெருவுக்கு நடங்கள். 1924 ஏப்ரலில் இந்தத் தெருவில் இருந்த ஒரு விளையாட்டுப் பொருள் கடையில் கூடித்தான் கிளப்பை ஆரம்பித்தார்கள். பெயரில் ‘கே’ என்பது கான்ஸ்டான்டிநோபிளைக் குறிக்கிறது. அந்த நகரத்தைத் தலைநகராகக் கொண்ட பழைய பைசாந்தியப் பேரரசின் இரட்டைத்தலைக் கழுகையும் மஞ்சள் கறுப்பு நிறங்களையும் எடுத்துக்கொண்டார்கள். முதல் தலைவர் கான்ஸ்டான்டினோஸ் ஸ்பனூதிஸ், அந்த நகரத்திலிருந்து வந்த பத்திரிகையாளர். ஏதென்ஸ் நாடக அரங்கின் மாடங்களில்கூட அகதிக் குடும்பங்கள் தங்கியிருந்த காலம் அது. அந்த நேரத்தில் போய் ஒரு கால்பந்து கிளப்பா என்று நான் ஆரம்பத்தில் நினைத்ததுண்டு. ஊர் போன பிறகு ஊர்க்காரர்கள் ஒன்றாக நிற்க ஓர் இடம் வேண்டாமா? அந்தத் தெருவில் நின்றபோது அது எனக்குப் புரிந்தது.

மறுபடியும் அதே ரயிலில் ஏறி பெரிசோஸில் இறங்குங்கள். அங்கிருந்து நேயா ஃபிலடெல்ஃபியாவுக்கு நடந்தே போகலாம். பஸ்ஸோ டாக்ஸியோ பிடித்தால் முக்கியமானது தவறிவிடும். இது அகதிகளுக்காகக் கட்டிய குடியிருப்பு. அந்தக் காலத்து வீடுகள் சில இன்னும் நிற்கின்றன. தெருப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். ஃபோகோன், கப்படோகியாஸ் என்று இழந்த ஊர்களின் பெயர்கள். ஃபிலடெல்ஃபியாவே ஆசியா மைனரில் விட்டுவந்த ஊர்தான், இன்றைய அலாஷெஹிர்.

தோப்பை ஒட்டி மைதானம். 1930இல் திறந்த பழைய மைதானம் இங்கேதான் இருந்தது. கான்ஸ்டான்டிநோபிளில் பிறந்த கோஸ்டாஸ் நெக்ரெபோன்டிஸ் முதலில் ஏஇகேக்கு ஆடினார், அப்புறம் பயிற்சியாளராகி 1939, 1940 இரண்டு ஆண்டும் சாம்பியன் ஆக்கினார். எனக்குப் பிடித்தது, ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் யூஈஎஃப்ஏ கோப்பையின் 1977 காலிறுதி. லண்டனில் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸிடம் 0-3 என்று தோற்று வந்தவர்கள், இங்கே 3-0 என்று ஜெயித்து பெனால்டியில் முன்னேறினார்கள். அரையிறுதியில் யுவென்டஸ் நிறுத்திவிட்டது.

2003இல் மைதானத்தை இடித்தார்கள். திரும்பிவர 19 ஆண்டு ஆனது. நடுவில் 2013இல் முதல்முறையாக முதல் டிவிஷனிலிருந்து இறங்கினார்கள். கடன் தாங்காமல் மூன்றாம் டிவிஷனிலிருந்து மறுபடி தொடங்கினார்கள். 2015இல் மேலே வந்தார்கள், 2018இல் சாம்பியன். புதிய மைதானம் திறந்தது 2022 செப்டம்பர் 30, ஸ்மிர்னா எரிந்து நூறாவது ஆண்டில். பெயர் அயா சோஃபியா. அந்த சீசனை முடிக்கும்போது லீகும் கோப்பையும் இரண்டுமே அவர்களிடம்.

மேட்ச் இல்லாத நாளில் போவதே நல்லது. வெளிநாட்டுக் கிளப்புகளோடு நடக்கும் ஆட்டங்களுக்கு முன்னால் கூட்டத்தில் மாட்டாதீர்கள்: 2023 ஆகஸ்டில் குரோஷியக் கிளப்பான டினமோ ஜாக்ரெப்புடனான ஆட்டத்துக்கு முந்தைய இரவு, மைதானத்தருகே நடந்த மோதலில் ஏஇகே ரசிகர் ஒருவர் கொல்லப்பட்டார். உள்ளே போக முடியாவிட்டால் சுற்றி நடங்கள், வாசலில் உள்ள பெரிய கழுகுச் சிலையைப் பாருங்கள், தோப்பில் உட்காருங்கள். பக்கத்தில் பெரியவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் குடும்பம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

அடுத்த போர்ட் தெசலோனிகி என்றால் தூம்பாவுக்கும் போங்கள். 1926இல் கான்ஸ்டான்டிநோபிள் அகதிகள் தொடங்கிய பாஒக் கிளப்பின் மைதானம் அங்கே இருக்கிறது. அவர்கள் சின்னமும் இரட்டைத்தலைக் கழுகுதான், நிறம் மட்டும் கறுப்பு வெள்ளை. மஞ்சள் சட்டையை அங்கேயும் பையிலேயே வைத்திருங்கள்.